வெள்ளிக்கிழமை ரவுண்டு

குரு என்றதும் தாடியும் காவியும் நினைவுக்கு வந்தால் அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இந்தக் கதையின் குருவுக்கு முப்பத்தாறு வயது. பெயர் சலேத்து மேரி. வத்தலக்குண்டில் அப்பா விட்டுப்போன டூவீலர் ஒர்க்‌ஷாப்பை நடத்துகிறாள். சுடிதாருக்கு மேலே அப்பாவின் பழைய காக்கிச் சட்டை, அதில் அப்பா காலத்துக் கிரீஸ். வயரைப் பல்லால்தான் உரிப்பாள். பேசுவது குறைவு, பேசினால் சுருக்கென்று இருக்கும்.

சீடருக்கு அறுபத்திரண்டு. பெயர் சவடமுத்து. நூற்பாலையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எவன் இரண்டு நிமிஷம் பிந்தி வந்தாலும் விடாமல் எழுதிவைத்த மனுஷன். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. அம்மா போனபிறகு தம்பி சென்றாயனைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் குட்டியானை வண்டி ஒன்று ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து தார்ப்பாய் சுற்றிய ஒரு மோட்டார் சைக்கிளை இறக்கினார்கள். கூடவே சவடமுத்துவும் இறங்கினார்.

சலேத்து தார்ப்பாயை விலக்கினாள். எலி மூத்திர நாற்றம் குப்பென்று அடித்தது. சீட்டுக்குள் இருந்த பஞ்செல்லாம் வெளியே கிடந்தது. வயர்களில் தோலே இல்லை, வெறும் செம்புக்கம்பி தெரிந்தது. சவடமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று நாளைக்கு முன்பு இதைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"எத்தன வருஷமா நிக்குது?"

"பதினொண்ணு."

"நடுவுல ஒரு தடவகூட ஸ்டார்ட் பண்ணலையா?"

"தம்பி வண்டி தாயி. நான் தொட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

சலேத்து சைலன்சரைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே ஏதோ சலசலவென்று உருண்டது.

"வச்சிட்டுப் போங்க. ரெடியானதும் சொல்லி விடுறேன்."

"இல்ல தாயி. நானே செய்யணும். நீ பக்கத்துல நின்னு சொல்லிக்குடு."

அவள் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கு?"

சவடமுத்து ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். யாரிடமும் சொல்லாததை இந்தப் பெண்ணிடம் ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

சென்றாயன் வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போனான். போகும்போது "வண்டியப் பாத்துக்கண்ணே" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அங்கே போனால் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டான். திரும்பி வர வழியில்லை. முதல் வெள்ளிக்கிழமை, லீவு நாளில், போன் போட்டு ஓவென்று அழுதான். வெறும் மணலும் தகரக் கொட்டகையும்தான் இருக்கு, செத்துப்போயிரலாம்போல இருக்குண்ணே என்றான். அண்ணனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார்.

"இன்னைக்கு உன் வண்டிய எடுத்துட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்டா."

அழுகை நின்றது. "எங்கிட்டுண்ணே போன?" என்று கேட்டான் தம்பி.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சவடமுத்து ஒரு ரவுண்டு போனார், போனில். கண்மாய்க்கரை வழியாகப் போனார். மழையில் நனைந்துகொண்டே போனார். பஞ்சர் ஆகித் தள்ளிக்கொண்டு வந்தார். கரை முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை, அங்கே ஏலக்காய் தட்டிப்போட்டு ஒரு டீ. அந்த டீக்கடை ஊரிலேயே கிடையாது. தம்பி அதைப் பற்றி மறக்காமல் கேட்பான். "கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சாண்ணே?" என்பான். முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்.

"ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள் சலேத்து.

"சைக்கிள் தெரியும்."

அவள் சிரிக்கவில்லை.

"இப்ப அவனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு தாயி. பொதுமன்னிப்புல விட்டுட்டானுங்க. இருபத்தஞ்சு நாள்ல வர்றான். ஊர்ல வந்து சாகுறேன்னு சொல்லிட்டு வர்றான். வந்ததும் முதல் வேலையா என்னயப் பின்னாடி வச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போண்ணே, அந்தக் கடை டீயில ஒரு வாய் குடிக்கணும்கிறான்."

தோளில் கிடந்த துண்டால் அழுத்தி முகத்தைத் துடைத்தார்.

"பதினோரு வருஷமா நான் தொட்டதே இல்ல. இப்பவாச்சும் என் கை படட்டும்."

சலேத்து ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். "பத்துக்குப் பன்னெண்டு. சீட்டக் கழட்டுங்க."

"சரி குருவே."

"குருவாம் குரு. அங்கிட்டு இல்ல, இங்கிட்டுத் திருப்புங்க."

அப்படித்தான் சவடமுத்து சீடரானார்.

முதல் நாள் மத்தியானமே அவருக்குப் பொறுமை போய்விட்டது. சலேத்து வேறொரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பாட்டில் பெட்ரோலை டேங்கில் ஊற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிக்கரில் காலை வைத்து ஒரு உதை விட்டார். கிக்கர் அசையவில்லை. இன்னொரு உதைக்குக் காலைத் தூக்கினார்.

சலேத்து வந்து அவரை விலக்கி நிறுத்தினாள். கிக்கரைக் கழற்றித் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினாள். பிளக்கைக் கழற்றி அந்தத் துளைக்குள் கொஞ்சம் ஆயில் விட்டாள்.

"இப்ப என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேணாம்."

"நாள் போகுதே தாயி!"

"உள்ள பிஸ்டன் துருப் புடிச்சு ஒட்டிக் கெடக்கு. உதைச்சா இழுத்துக்கிட்டுப் போயிரும். ஊறட்டும்."

"எத்தன நாளைக்கு?"

"அது விடுற வரைக்கும்."

மூன்று நாள் ஊறியது. தினமும் காலையில் வந்து சக்கரத்தைப் பிடித்து முன்னே ஒரு மயிரிழை, பின்னே ஒரு மயிரிழை ஆட்டிப் பார்ப்பார். அது இம்மியும் நகராது. அடுத்தவனை ஒரு நிமிஷத்துக்குக் கேள்வி கேட்ட மனுஷன் மூன்று நாள் ஒரு சக்கரத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் உள்ளே ஏதோ மெல்ல இறங்கியது. "விட்டுருச்சு!" என்று கத்திவிட்டார். பக்கத்துக் கடைக்கு டீ வாங்க வந்த ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்தது ஏர்ஃபில்டர் பெட்டி. அதைத் திறந்தால் உள்ளே பந்தாக ஒரு எலிக்கூடு.

"நாசமாப் போற எலி" என்று சவடமுத்து ஆரம்பித்தார். "வீட்டுல இல்லாத நெல்லா? மூட்டை மூட்டையா அரிசி இருக்கு பக்கத்து வீட்டுல. இந்த இரும்புல என்ன இருக்குன்னு வந்துச்சுங்க? என் குடியக் கெடுக்கவா?"

சலேத்து ஒரு நியூஸ்பேப்பரை விரித்துக் கூட்டை அதில் எடுத்து வைத்தாள். அவர் முன்னால் நகர்த்தினாள்.

"பிரிங்க."

அவர் குச்சியால் பிரித்தார். சீட்டுப் பஞ்சு வந்தது. சிவப்பும் பச்சையுமாக வயர்த் தோல் வந்தது. அப்புறம் நீலத் துணியின் நூல்கள். வேர்க்கடலைத் தோல். காய்ந்த பூமாலையின் நார். வெல்லப்பாகு ஒட்டிய காகிதம் ஒன்று.

குச்சி நின்றுவிட்டது.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அவர் வண்டி நிற்கும் அறையைத் திறப்பார். தார்ப்பாயின் முன்பக்கத்தை மட்டும் தூக்கி, வண்டியின் முன்விளக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவார். பொரியும் கடலையும் படைத்து, தம்பி பங்கை ஒரு நீலத் துணிப்பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவார். கார்த்திகைக்குப் பொரி உருண்டை. பிறகு தார்ப்பாயை இறக்கிக் கதவைப் பூட்டிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அவசரத்துக்கு வண்டி கேட்டபோதுகூட, "தம்பி பொருள், தர முடியாது" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னவர் அவர்.

"அடுத்த தடவ பாத்தா பை காலியா இருக்கும் தாயி" என்றார். "எலிதான்னு தெரியும். புள்ளையார் வாகனம், பொரியத்தானே திங்குதுன்னு விட்டுட்டேன்."

"பொரி ஒரு வாரத்துல தீந்துருக்கும்" என்றாள் சலேத்து. "மிச்ச வருஷமெல்லாம் அது என்ன பண்ணும்?"

சவடமுத்து அந்தக் கூட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வேலை ஓடவில்லை. சலேத்துவும் செய்யச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து வயர் வேலை. எது எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, கடித்த இடத்தை வெட்டி, புது வயர் சேர்த்து முறுக்கி, ஈயம் வைத்து, டேப் சுற்ற வேண்டும். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு செய்தார். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக இறுகிக் கிடந்தது. அதைச் சுரண்டினார். கேபிள் மாற்றினார். புது டயர் போட்டார். பக்கக் கண்ணாடிகள் துருப்பிடித்து உதிர்ந்துபோனதால் அவற்றைக் கழற்றியாயிற்று.

வேலை நடக்க நடக்க அவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"தாயி, வண்டிதான் ஓடப்போகுதே. ஓட்டவும் கத்துக்கிடுவேன். டீக்கடைய மூடிட்டான்னு சொல்லிக்கலாம். அவன்கிட்ட எதுக்கு உண்மையச் சொல்லணும்? போற நேரத்துல அவன் சந்தோஷமாப் போகட்டுமே."

சலேத்து வண்டிப் பக்கம் குனிந்தாள். விளக்குக்குப் பின்னால் கையை விட்டு, அவர் போட்ட ஒரு இணைப்பைப் பிடித்து லேசாக இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது. கடிபட்ட இடத்தை வெட்டாமல், அப்படியே மேலே அழகாக டேப் சுற்றியிருந்தார். அவசரத்தில் செய்தது. அவருக்கு அது நினைவிருந்தது.

"திரும்பப் போடுங்க" என்றாள்.

அவர் காது மடல் சிவந்துபோனது. திரும்பப் போட்டார்.

பதினேழாம் நாள் டிராயரைத் திறந்து கிக்கரைக் கொடுத்தாள். பத்து உதை உதைத்தார், ஒன்றும் இல்லை. பதினோராவது உதையில் ஒரு இருமல். அடுத்ததில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி படபடவென்று எழுந்தது. சைலன்சரிலிருந்து எலிப்புழுக்கை தெறித்து வாசல் முழுக்க விழுந்தது. சவடமுத்து கைகூப்பிக்கொண்டு நின்றார். கண்ணீர் தாடைவரை இறங்கியது, துடைக்கத் தோன்றவில்லை.

"அழுதது போதும். ஏறுங்க" என்றாள் சலேத்து.

சந்தைத் திடலில் ஓட்டப் பழகினார். கிளட்சைப் படக்கென்று விடுவார், வண்டி துள்ளி நின்றுவிடும். இரண்டு தடவை விழுந்தார். முழங்காலில் தோல் வழண்டது. புளிமூட்டை இறக்குகிற ஆட்கள், "தாத்தா, பொண்ணு பாக்கவா போறீக?" என்று கேலி பண்ணினார்கள். போங்கடா என்று மறுபடியும் ஏறினார். ஆறாம் நாள் விழாமல் நாலு சுற்று வந்தார்.

தம்பி வர ஒரு நாள்தான் இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுத் திடலின் ஓரத்தில் நின்ற சலேத்துவிடம் வந்தார்.

"சொல்லிரலாம்னு முடிவு பண்ணிட்டேன் தாயி. ஆனா அவன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்வேன்? நாக்கு எழும்பாது. கைப்புள்ளையில இருந்து நான் தூக்கி வளத்த புள்ள. ஒரு பொய்கூடச் சொல்லாத அண்ணன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறவன் அவன்."

சலேத்து வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "ஒரு சுத்து போங்க."

அவர் ஓட்டினார். திடலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என் மூஞ்சி தெரிஞ்சுதா?" என்றாள் பின்னாலிருந்து.

"எப்படித் தெரியும்? நீ பின்னால இருக்க."

"எனக்கும் உங்க மூஞ்சி தெரியல."

இறங்கினாள். காக்கிச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஒர்க்‌ஷாப்பைப் பார்க்க நடந்துவிட்டாள்.

சென்றாயன் வந்தான். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் சவடமுத்துவை ஒர்க்‌ஷாப் பக்கம் காணவில்லை. ஊர் சின்னது, செய்தி வந்துவிடும். செய்தி வந்தபோது சலேத்து கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் போய் மாலை போட்டுவிட்டு வந்தாள். சவடமுத்து அன்று யாரையும் அடையாளம் காணும் நிலையில் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தலை மழித்து, வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். ஸ்டாண்டு போட்டுவிட்டுப் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார். சலேத்து ஒரு ஸ்கூட்டரின் பிரேக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். டீ சொல்லிவிட்டாள். டீ வந்தது, ஆறியது, அவர் தொடவில்லை.

"சொன்னேன் தாயி" என்றார் கடைசியில்.

அவள் கை நின்றது.

"வந்த மூணாம் நாள் அவனே கெளம்புண்ணே கெளம்புண்ணேன்னு நின்னான். ரெண்டு பேரு தூக்கி உக்கார வச்சாங்க. எடையே இல்ல அவனுக்கு, நாலு வெறகக் கட்டி வச்ச மாதிரி இருந்தான். கண்மாய்க்கரை ஏறுனதும் சொல்லிட்டேன். டேய், எனக்கு வண்டி ஓட்டவே தெரியாதுடா, போன வாரந்தான் கத்துக்கிட்டேன். பதினோரு வருஷமும் பொய்யிடா. டீக்கடையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. வண்டிய எலிக்குக் குடுத்துட்டேன்டான்னு சொன்னேன். ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒரு வார்த்த பேசல."

வாசலில் ஒரு லாரி போனது. அது போகும்வரை காத்திருந்தார்.

"கரை முடிஞ்ச இடத்துல நிறுத்துனேன். வெறும் பொட்டல். எறங்கல, தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்தான். கடை எங்கன்னு கேப்பான் கேப்பான்னு பாத்தேன். கேக்கல. போலாம்ணேன்னான். வந்துட்டோம். அப்புறம் படுத்தவன்தான். அந்தப் பேச்ச நானும் திரும்ப எடுக்கல, அவனும் எடுக்கல. பத்தொம்பதாம் நாள் போயிட்டான்."

குனிந்து தரையைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம் தாயி. அதுதான் என்னயத் தின்னுது. டூ ஸ்ட்ரோக்கு வண்டி, அந்தப் படபட சத்தம். எதிர்க்காத்து வேற. நான் முன்னாடி பாத்துச் சொன்னேன். அவன் காதுல விழுந்துச்சா இல்லையான்னே தெரியல. கேக்காமலே போயிட்டானோ என்னமோ. கேட்டிருந்தா என்னய மன்னிச்சானா, இல்ல வெறுத்துட்டுப் போனானா? ஒண்ணும் தெரியாம நான் எப்படித் தாயி இருக்கிறது?"

விம்மி விம்மி அழுதார். இந்த வயதில், பட்டப்பகலில், கடைவாசலில் அழுதார். சலேத்து அவரைத் தடுக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து தரையில் குத்தவைத்தாள். சற்று நேரம் கழித்துக் கேட்டாள்.

"ஏறி உக்காந்தப்ப அவரு கை எங்க இருந்துச்சு?"

"என்னது?"

"கை. எதப் புடிச்சிருந்தாரு?"

சவடமுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தார். "பின்னாடி கேரியர் கம்பிய. ஏறுனதுமே கையப் பின்னால வச்சுக்கிட்டு ராசா மாதிரி உக்காந்தான். போண்ணேன்னான்."

"நீங்க சொன்னதுக்கு அப்புறம்?"

"அப்புறமும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். கை தன்னை அறியாமல் தோளுக்குப் போனது. "இல்ல. தோளப் புடிச்சான். ரெண்டு கையாலயும் கெட்டியா. வீடு வந்து சேர்ற வரைக்கும் விடல. நகம் பதிஞ்சு ரெண்டு நாளைக்குத் தடம் இருந்துச்சு. உடம்பு முடியலபோல, அதான் புடிக்கிறான்னு நெனச்சேன்."

சலேத்து எழுந்தாள். ஸ்கூட்டர் பக்கம் போய்க் கீழே வைத்த ஸ்பேனரை எடுத்தாள்.

"பதினோரு வருஷமா ஓட்டுறவரு பின்னாடி உக்காந்தா யாரும் அப்படிப் புடிக்க மாட்டாங்க, பெரியவரே" என்றாள். "போன வாரம் கத்துக்கிட்டவரு பின்னாடி உக்காந்தாத்தான் புடிப்பாங்க."